பாட்டி கைப்பக்குவம்: எந்தப் பாட்டி, யார் கை?

"நாலு தலைமுறையா எங்க குடும்பத்துல வர்ற பக்குவம்" என்று ஒரு பலகாரத்தைக் காட்டிச் சொல்கிறவரிடம் நாம் என்ன கேட்கிறோம்? எப்படிச் செய்யணும் என்று கேட்கிறோம். அளவைக் கேட்டுக்கொள்கிறோம், பாகுப் பதத்தைக் கேட்டுக்கொள்கிறோம். அந்த நாலு தலைமுறையும் மாவு இடித்தது யார், அடுப்பு ஊதினது யார், பாத்திரம் கழுவினது யார் என்று கேட்பதில்லை. கேட்டால் பலகாரம் கசந்துபோகும். கசந்தாலும் பரவாயில்லை, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இப்போது கேட்பதற்கு உடனடிக் காரணமும் இருக்கிறது. கல்லூரியில் படிக்கிற இளைய தோழர்கள் சிலர், சேரிச் சமையலைத் தொகுத்துப் புத்தகமாகப் போட வேண்டும் என்று பேசிவருகிறார்கள். மராத்வாடாவின் மகர், மாங் சமூகங்களின் சாப்பாட்டைப் பற்றி ஷாஹு படோலே 2015இல் மராத்தியில் எழுதினார். 2024இல் அது ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. தமிழில் ஏன் செய்யக் கூடாது என்கிறார்கள். நியாயமான கேள்வி. மூத்த தோழர்கள் சிலருக்கோ இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "இல்லாமையில தின்னதப் போயி எழுதி வச்சு அதுல என்ன பெருமை? அதுலேர்ந்து வெளிய வரத்தானேம்மா இவ்வளவு பாடும்?" என்கிறார்கள். இதுவும் நியாயம்தான். இரண்டு நியாயங்களும் மோதுகிற இடத்தில் ஓர் அறக் கேள்வி இருக்கிறது. வழிவழியாக வந்ததை வழிவழியாகக் கொடுத்தே ஆக வேண்டுமா? கொடுப்பதென்றால் எதையெல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும்?

நம் கேள்விகளை அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவத்தோடு ஒட்டிப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. ஜோதிராவ் பூலே 1873இல் 'குலாம்கிரி' எழுதியபோது, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் அதைச் சமர்ப்பணம் செய்தார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்ஸ் தன் பெயரையே அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. குடும்பப் பக்குவம் என்ற இந்த விஷயத்திலும் அவர்களுடைய ரொட்டி அடுப்பிலிருந்து நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் பழைய குடும்பங்களில் 'அடித்த பிஸ்கெட்' என்று ஒரு பண்டம் உண்டு. நம்ம டீக்கடைக் கண்ணாடிப் புட்டியில் இருக்கிற பிஸ்கெட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வட்டமான, கெட்டியான சின்ன ரொட்டி. கோதுமை மாவு, பன்றிக் கொழுப்பு, உப்பு, கொஞ்சம் பாலோ தண்ணீரோ, அவ்வளவுதான். ஈஸ்டும் கிடையாது, சோடாவும் கிடையாது. மாவு இளகி உப்ப வேண்டுமானால் அதற்கு ஒரே வழி அடிதான். பிசைந்த மாவை மரக்கட்டை மேல் போட்டு, உலக்கை மாதிரியான கட்டையாலோ கோடரியின் தட்டைப் பக்கத்தாலோ மடித்து மடித்து அடிக்க வேண்டும். மாவில் கொப்புளம் கிளம்பும்வரை, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அடிக்க வேண்டும். விருந்தாளிக்கு என்றால் இன்னும் கூடுதலாக.

குடும்ப நோட்டில் இது ஒரே வரியாக இருக்கும்: மாவை அரை மணி நேரம் அடிக்கவும். எழுவாயை வெளியே சொல்லாத வாக்கியத்துக்குத் தோன்றா எழுவாய் என்று நம் இலக்கணத்தில் பெயர். உலகத்துச் சமையல் குறிப்பெல்லாம் தோன்றா எழுவாயில்தான் எழுதப்படுகிறது. யார் அடிக்க வேண்டும்? நோட்டுக்குச் சொந்தக்காரி அடிக்கப்போவதில்லை. பண்ணைவீட்டுச் சமையல்கட்டில் விடிகாலையில் எழுந்து அடித்தவள் அடிமைப் பெண். இலக்கணத்தில் எழுவாய் மறைந்திருந்தாலும் அது யாரென்று கேட்கிறவருக்குத் தெரியும். வரலாற்றில் மறைந்த எழுவாயைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அவளே ஏன் எழுதிவைக்கவில்லை? எழுதக் கூடாது என்று சட்டம் இருந்தது. அடிமைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பது குற்றம் என்று தென் கரோலினா 1740இலேயே சட்டம் போட்டது. அலபாமா 1832இல் போட்டது. ஆக, எசமானி குறிப்பைப் படிப்பாள், அடிமை கேட்டுக்கொண்டு செய்வாள். மாவின் பதம், அடுப்பின் சூடு, அன்றைய ஈரக்காற்று எல்லாவற்றையும் பார்த்து அடிமையின் கை அந்தக் குறிப்பைத் திருத்தும். திருத்தத்தை எசமானி தன் நோட்டில் எழுதிக்கொள்வாள். கல்யாணம் ஆகும்போது நோட்டு அவள் மகளுக்குப் போகும். அந்தக் காலத்தில் அடிமைகளையும் சீதனமாகக் கொடுத்தார்கள். நோட்டோடு சேர்ந்து சமையல்காரியும் அந்த மகளுக்கே போகலாம். சமையல்காரியின் மகளோ வேறொரு ஊரில் வேறொருவனுக்கு விற்கப்படலாம். ஒரு குடும்பத்தின் தலைமுறைத் தொடர்ச்சியை இன்னொரு குடும்பத்தின் அறுபட்ட தொடர்ச்சி தாங்கிப் பிடித்திருக்கிறது. 'குடும்பப் பாரம்பரியம்' என்ற சொல்லை நான் சந்தேகத்தோடு கையில் எடுப்பதற்கு இதுவே முதல் காரணம்.

இன்னும் கொடுமையான ஒரு கைமாற்றமும் அங்கே நடந்தது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று 1776இல் எழுதிய தாமஸ் ஜெஃபர்சனிடம் ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்ற அடிமை இருந்தார். ஜெஃபர்சனின் மனைவிக்கு இவர் ஒரே தகப்பன் வழித் தம்பி என்பதை வரலாற்றாளர்கள் இன்று பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். 1784இல் அவரைப் பாரிசுக்கு அழைத்துப்போய்ப் பிரெஞ்சுச் சமையலும் இனிப்புப் பண்ட வேலையும் பழக்கினார் ஜெஃபர்சன். ஜேம்ஸ் விடுதலை கேட்டபோது, 1793இல் ஒரு நிபந்தனையை எழுதிக் கொடுத்தார்: கற்ற வித்தையை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகலாம். ஜேம்ஸ் தன் தம்பி பீட்டருக்குக் கற்றுக்கொடுத்தார். 1796இல் ஜேம்ஸுக்கு விடுதலை கிடைத்தது. பீட்டர் அதே சமையல்கட்டில் அடிமையாகத் தொடர்ந்தார்.

அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போன கைப்பக்குவம் இது. குடும்பத்துக்குள்தான் போயிற்று, வழிவழியாகத்தான் வந்தது. ஆனால் இதைப் பாரம்பரியம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இது பிணைத்தொகை. கொடுக்காமல் இருக்கிற உரிமை ஒருத்தருக்கு இல்லையென்றால், அவர் கொடுத்ததைக் கொடை என்று எப்படிச் சொல்வது? ஜேம்ஸின் பெயரில் இன்று மிஞ்சியிருக்கிற ஒன்றிரண்டு இனிப்புக் குறிப்புகளும் ஜெஃபர்சனின் வாரிசுகளுடைய குடும்பக் குறிப்புகள் வழியாகத்தான் நமக்கு வந்திருக்கின்றன.

தன் பெயரில் தானே அச்சிட்ட கறுப்பினப் பெண்களும் உண்டு. டென்னசியில் பிறந்த மலிண்டா ரசல் அடிமையல்ல, சுதந்திரமான கறுப்பினப் பெண். அங்கே கேக்கும் பண்டங்களும் செய்து விற்கும் கடை நடத்தினார். 1864இல், உள்நாட்டுப் போரின் நடுவில், ஆயுதக் கும்பல் ஒன்று அவர் சேர்த்துவைத்த பணத்தைக் கொள்ளையடித்தது. ஊரைவிட்டு மிச்சிகனுக்குப் போனார். 1866இல் தன் சமையல் குறிப்புகளைச் சிறு புத்தகமாகப் போட்டார். அதில் பெரும்பகுதி கேக்கும் இனிப்பும்தான். ஏன் போட்டார் என்பதையும் மறைக்காமல் எழுதினார்: ஊர் திரும்பப் பணம் வேண்டும். தனக்குச் சமையல் சொல்லிக்கொடுத்த ஃபேனி ஸ்டூவர்ட் என்ற கறுப்பினப் பெண்ணின் பெயரையும் முன்னுரையில் சொன்னார். எசமானி நோட்டில் வராத இரண்டு விஷயங்கள் இங்கே வந்துவிட்டன. ஒன்று குருவின் பெயர். இன்னொன்று பணம்.

தென் கரோலினாவில் பிறந்து அலபாமாவில் வாழ்ந்தவர் ஆபி ஃபிஷர். எழுத்தறிவைத் தடைசெய்த அந்த இரண்டு மாநிலங்களும்தான் அவருடைய இளமை. விடுதலைக்குப் பிறகு சான் பிரான்சிஸ்கோ போய் ஊறுகாய், ஜாம் தொழில் நடத்திக் கண்காட்சிகளில் பதக்கம் வாங்கினார். 1881இல் அவர் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதி, அவருடைய சமையல் நூல் அச்சானது. தானும் கணவரும் படிக்க வாய்ப்பில்லாதவர்கள் என்று முன்னுரையிலேயே சொன்னார். மேரிலாந்து அடித்த பிஸ்கெட்டும் அந்த நூலில் இருக்கிறது. இதிலும் மாவை அடிக்கத்தான் வேண்டும். ஆனால் அடித்த கையின் பெயர் அட்டையில் இருக்கிறது.

அதே நூற்றாண்டின் கடைசியில் சந்தை வேறொரு வேலை செய்தது. 1889இல் மிசௌரியில் இரண்டு வெள்ளைக்காரர்கள் தோசை மாதிரிச் சுடுகிற பான்கேக்குக்கு ரெடிமேட் மாவு தயாரித்தார்கள். மேடைக் கூத்தில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் கேலிசெய்து பாடிய பாட்டிலிருந்து 'ஆண்ட் ஜெமைமா' என்ற பெயரை எடுத்து அதற்கு வைத்தார்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில், அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன் என்ற பெண்ணை ஜெமைமா வேஷத்தில் நிறுத்திப் பான்கேக் சுட வைத்தார்கள். பண்ணையில் விசுவாசமாக உழைத்த அடிமைச் சமையல்காரியின் ரகசியப் பக்குவம் என்று கதை கட்டினார்கள். அந்தக் கதை விளம்பரத்துக்காகப் புனைந்தது. மாவைக் கலந்தது கம்பெனி, முகம் மட்டும் கறுப்பினப் பெண்ணுடையது. நான்சி கிரீன் 1923இல் இறந்தார். அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் 2020இல்தான் வைக்கப்பட்டது. 2021இல் கம்பெனி அந்தப் பெயரையே கைவிட்டது.

உழைத்தவள் பெயரை மறைப்பது ஒரு வகைத் திருட்டு. உழைத்தவள் படத்தைப் போட்டு, அவள் சிரித்துக்கொண்டே கொடுத்தாள் என்று சொல்வது அதைவிட மோசமான திருட்டு. இன்று நம் ஊரிலும் மண்பானை, பாட்டி படம், 'கிராமத்து ருசி' என்று விற்கிறார்கள். அந்தப் பாட்டி எந்தத் தெருப் பாட்டி என்று படத்தைப் பார்த்தால் தெரியாது. தெரியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் வியாபாரம்.

சென்னை மாகாணத்திலும் இந்தக் கதை நடந்தது. ஐரோப்பியர் வீடுகளில் மாட்டுக்கறி சமைக்கவும் இன்னும் பல வேலைகளுக்கும் வேறு சாதியார் வர மாட்டார்கள், அதனால் பறையரைத்தான் வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று ஆபே துபுவா பதிந்துவைத்திருக்கிறார். அந்தச் சமையல்கட்டுகளில் வெள்ளைக்காரருக்குக் கேக்கும் புட்டிங்கும் செய்த கைகளில் நம்முடைய கைகள் நிறைய. கள்ளை ஊற்றி ரொட்டிமாவைப் புளிக்க வைத்தார்கள். ஓவன் இல்லாத இடத்தில், சட்டியை அடுப்பில் ஏற்றி மூடிமேல் தணலைக் கொட்டி, மேலும் கீழும் சூடு கொடுத்துச் சுட்டார்கள். தணலின் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை, கையில் இருந்தது. 1878இல் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் கர்னல் கென்னி ஹெர்பெர்ட் சென்னைச் சமையலுக்கென்று ஆங்கிலத்தில் பெரிய நூல் எழுதினார். அதில் வருகிற சமையல்காரருக்கெல்லாம் ஒரே பெயர்: ராமசாமி. ராமசாமி இப்படித் தப்பு செய்வான், அப்படித் தப்பு செய்வான், துரைசானிகள் கவனமாக இருக்க வேண்டும் என்று புத்தி சொல்கிறார். எழுதினவருக்குப் பட்டமும் பெயரும் புனைபெயரும் உண்டு. சமைத்த ஆயிரம் பேருக்கும் சேர்த்து ஒரு பெயர்.

வெள்ளைக்காரன் பெயரைத்தான் பறித்தான், கையைத் தள்ளிவைக்கவில்லை. நம் ஆண்டைகள் கையையே தள்ளிவைத்தார்கள். கீழத்தஞ்சைப் பக்கம் மில் வருவதற்கு முன்னால், ஆண்டை வீட்டுக் கொல்லையில் நெல் குத்தியவர் எங்க அம்மாயி. உலர்ந்த நெல்லை எங்க சனம் தொடலாம், குத்தலாம், புடைக்கலாம். அரிசியில் தண்ணீர் பட்டுவிட்டால் பிறகு தொடக் கூடாது, தீட்டு. தீபாவளி அதிரசத்துக்கு ஆண்டை வீட்டுக் குறிப்பு எப்படித் தொடங்கும்? பச்சரிசி ஒரு படி, தண்ணீரில் ஊற வைக்கவும். அந்த முதல் வரிக்கு முன்னாலேயே எங்க கை வேலை முடிந்து வெளியே அனுப்பப்பட்டுவிடுகிறது. அமெரிக்கக் குடும்ப நோட்டில் கறுப்பினப் பெண் தோன்றா எழுவாயாகவாவது இருந்தாள். இங்கே அந்த இடமும் கிடையாது. படி என்பது அவர்களுக்கு அதிரசத்தின் அளவு. எங்களுக்கு அது கூலியின் அளவு. கூலி கூடக் கேட்டுச் சங்கமாகச் சேர்ந்ததற்காக 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட மண் இது.

குத்தினதற்குக் கூலியாக அம்மாயிக்குக் குருணையும் தவிடும் கிடைக்கும். தவிட்டில் வெல்லம் தட்டிப்போட்டு, இலையில் வைத்துத் தணலில் சுடுவார். தவிட்டு அடை. தொகுப்பு பற்றிப் பேச்சு வந்தபோது அம்மாவிடம் அதற்கு அளவு கேட்டேன். "என்னத்த அளவு? இருந்தா போடுவா, இல்லன்னா இல்ல. பசிக்கு ஏதுடி அளவு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அத நீ எழுதாத. ஒன் புள்ளைங்க அதத் திங்க வேணாம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அம்மா வெட்கப்பட்டுச் சொல்லவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அது ஒரு முடிவு. 1927 மார்ச்சில் மகாடில் கூடிய மாநாட்டில் அம்பேத்கர் தம் மக்களிடம் சொன்னதை நினைத்துக்கொள்ள வேண்டும்: செத்த மாட்டின் கறியைத் தின்பதை விடுங்கள், வீசி எறிகிற எச்சிலை வாங்குவதை விடுங்கள். அதுவும் தலைமுறை தலைமுறையாக வந்ததுதான். அது ஒன்று போதும், தொடர்ந்து செய் என்று சொல்வதற்கு? வந்தது என்பதாலேயே ஒன்று காப்பாற்றத் தகுந்ததாகிவிடாது. அப்படிப் பார்த்தால் சாதியைவிடப் பழைய குடும்பப் பக்குவம் இந்த நாட்டில் எது? ஜேம்ஸ் ஹெமிங்ஸுக்கு மறுக்கப்பட்டது, கொடுக்காமல் இருக்கிற உரிமை. அந்த உரிமையைத்தான் எங்க அம்மா எடுத்துக்கொண்டார். அதில் கைவைக்க இலக்கியத்துக்கும் அதிகாரம் கிடையாது, இயக்கத்துக்கும் கிடையாது.

அப்படியானால் தொகுக்க வேண்டாமா? அதுவும் என் நிலைப்பாடு அல்ல. மாட்டுக்கறியை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்து மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருந்த அறிவு, அறிவுதான். மேட்டுக்குடி அதை அழுக்கு என்று சொன்னதற்காக நாமும் அழுக்கு என்று ஒதுக்கினால், அவர்கள் தீர்ப்பில் நாமே கையெழுத்துப் போட்டதாகும். எச்சிலை மறுப்பது வேறு, நம் கையின் வித்தையை மறுப்பது வேறு. இந்த வேறுபாட்டை ஒவ்வொரு பண்டத்துக்கும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவர்கள் அதைச் செய்தவர்களும் தின்றவர்களும். படித்துவிட்ட பிள்ளைகளான நாம் அவர்கள் பெயரால் தீர்ப்பு எழுத முடியாது.

இன்னொன்றையும் பெண்ணாக இருந்து சொல்கிறேன். தலித் பண்பாடு என்று பேசுகிற மேடையில் பாட்டன் பறையைக் கொடுக்கிறான், பாட்டி சட்டியைக் கொடுக்கிறாள் என்று ஆகிவிடக் கூடாது. பேத்திகளைத் திரும்பவும் அடுப்படியில் உட்கார வைக்கிற பாரம்பரியம், நம்முடையதானாலும் வேண்டாம். கற்றுக்கொள்ளட்டும், ஆணும் கற்றுக்கொள்ளட்டும். கற்றுக்கொள்ளாமல் போனால் துரோகி என்று சொல்லாதிருப்போம்.

அடுப்பு போராட்டத்துக்கும் உதவியிருக்கிறது. 1955 டிசம்பரில் அலபாமாவின் மாண்ட்கோமரியில் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள். 381 நாள் நடந்த போராட்டம் அது. வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லக் கார்கள் வேண்டும், பெட்ரோலுக்குப் பணம் வேண்டும். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் பையும் சுட்டு வீடு வீடாக, கடை கடையாக விற்றார். வெள்ளைக்காரர்களும் வாங்கினார்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் 'எங்கிருந்தும் இல்லை' என்று பதில் சொல்வார்கள். குழுவின் பெயரே 'எங்கிருந்தும் இல்லாத சங்கம்'. சுட்டவர்களில் பலர் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்தவர்கள், பெயர் தெரிந்தால் வேலை போகும். 1956இல் மார்ட்டின் லூதர் கிங் மீதான வழக்கில் சாட்சி சொன்ன கில்மோருக்கு, அவர் வேலை பார்த்த உணவகத்தில் வேலை போயிற்று. பிறகு தன் வீட்டிலேயே சமைத்து விற்றார். 1990இல் இறக்கும்வரை சமைத்துக்கொண்டிருந்தார்.

எசமானியின் நோட்டில் பெயர் இல்லாமல் போனதையும், இந்தப் பெண்கள் தங்கள் பெயரைத் தாங்களே மறைத்துக்கொண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதில் பெயரைப் பறித்தார்கள். பின்னதில் பெயரை வைத்துக்கொள்வதும் மறைப்பதும் அவர்கள் முடிவாக இருந்தது. அந்தப் பக்குவங்களில் சிலவற்றை அடிமைக் காலத்துப் பாட்டிகள் எசமான் வீட்டு அடுப்பில் பழகியிருக்கக்கூடும். பேத்திகள் அதே பண்டத்தை விற்று, கூட்டத்தில் கணக்குச் சொல்லி, விடுதலைக்குச் செலவு செய்தார்கள்.

ஆகவே தொகுப்பு வேலையில் இறங்குகிற தோழர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். 'தேவையான பொருட்கள்' என்று தொடங்காதீர்கள். செய்தவர் பெயர், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயர், எந்த வீட்டு வேலையில் பழகினது, என்ன கூலி, எத்தனை மணி நேரம் என்று தொடங்குங்கள். அளவு அதற்குப் பிறகு வரட்டும். புத்தகம் விற்றால் சொன்னவருக்கும் பங்கு போக வேண்டும். மலிண்டா ரசல் பணத்தைப் பற்றிப் பேச வெட்கப்படவில்லை, நாமும் வெட்கப்பட வேண்டாம். சொல்ல மாட்டேன் என்கிறவரிடம் இரண்டாம் தடவை கேட்காதீர்கள். ஆனால் அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பண்டத்தின் பெயரைப் போட்டு, 'செய்முறை சொல்ல விரும்பவில்லை' என்று எழுதுங்கள். தவிட்டு அடைக்கு அந்தப் பக்கத்தை எங்க அம்மாவிடம் கேட்டுக்கொண்டு நான் எழுதித் தருகிறேன். அவர் அதுவும் வேண்டாம் என்றால், பக்கத்தை எடுத்துவிடுங்கள்.